பூட்டானில் ஏழு இரவுகள்

ஜெய்கான் விடுதியின் மொட்டை மாடியில் நின்றால் பூட்டான் கூப்பிடு தூரத்தில் தெரிகிறது. நடுவில் ஒரு மதிலும், வண்ணம் தீட்டிய ஒரு வாயிலும்தான். இந்தப் பக்கம் மேற்கு வங்கத்தின் சந்தைத் தெரு, அந்தப் பக்கம் புன்சோலிங் என்னும் பூட்டானிய நகரம். இவ்வளவு அருகில் இருந்ததால்தான் முதல் நாளே தவறு நேர்ந்தது. வழிகாட்டி காலை எட்டரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார். எட்டு இருபதுக்கே நடந்து போய்ச் சேர்ந்துவிட்டோம் என்ற பெருமையில் நாங்கள் இருந்தபோது, அவர் இருபது நிமிடமாகக் காத்திருந்த முகத்தோடு எங்களை வரவேற்றார். பூட்டானின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட அரை மணி நேரம் முந்தி ஓடுகிறது என்பதைப் படித்திருந்தேன். ஆனால் எல்லையோரத்தில் கைப்பேசி இந்தியக் கோபுரத்தையே பற்றிக்கொண்டிருந்ததால், அது காட்டிய நேரத்தை நம்பிவிட்டேன். அதற்குள் அனுமதிச் சீட்டுக்கான வரிசை நீண்டுவிட்டது. எல்லையைக் கடக்கும் நாளில் கைக்கடிகாரத்தை முந்தைய இரவே அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

2023 அக்டோபர் நடுவில் நான், என் மனைவி, அறுபத்தாறு வயதாகும் என் அக்கா ஆகிய மூவரும் கும்பகோணத்திலிருந்து கிளம்பி, சென்னை வழியாகப் பாக்டோக்ராவுக்குப் பறந்து, அங்கிருந்து காரில் ஜெய்கானுக்கு வந்திருந்தோம். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் அடையாளச் சான்றாகக் கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருக்க வேண்டும், ஆதார் அட்டை செல்லாது. கடவுச்சீட்டு என்றால் குறைந்தது இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். அக்காவின் கடவுச்சீட்டுக்கு நான்கு மாதம்தான் மீதமிருந்தது என்பதை ஊரிலேயே பார்த்துவிட்டதால், பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்த அவரது வாக்காளர் அட்டையைத் தேடி எடுத்து வந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் அந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் வந்து, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டே ஓரமாக ஒதுங்கி நின்றது.

அடுத்தது கட்டணம். நீடித்த வளர்ச்சிக் கட்டணம் என்ற பெயரில் இந்தியப் பயணி ஒவ்வொருவரும் ஓர் இரவுக்கு 1,200 ங்குல்ட்ரம் கட்ட வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை பாதி. பெருந்தொற்றுக்குப் பின் 2022 செப்டம்பரில் எல்லை மீண்டும் திறந்தபோது நடைமுறைக்கு வந்த இந்தக் கட்டணத்தை, அதற்கு முன் இந்தியர்கள் கட்டியதே இல்லை. ங்குல்ட்ரமும் ரூபாயும் சம மதிப்பு என்பதால் அக்கா மனக்கணக்காகவே பெருக்கிவிட்டார். "ஏழு ராத்திரிக்கு மூணு பேருக்கு இருபத்தஞ்சாயிரத்து இருநூறா? இன்னும் ஒரு வாய் சாப்பிடலையேடா!" என்றார். வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்தத் தொனி அவருக்குப் பழகியிருக்க வேண்டும். கூட்டம் வேண்டாம், வருபவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது 1974இல் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்த நாளிலிருந்தே எங்கள் கொள்கை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கேரளத்தைவிடச் சற்றுச் சிறிய பரப்பும், எட்டு லட்சத்துக்கும் குறைவான மக்களும் கொண்ட நாடு, இரு பெரிய நாடுகளுக்கு நடுவே தன் கதவைத் தானே அளந்து திறக்க விரும்புகிறது. அந்த ஏழு நாட்களில் நான் பார்த்த அமைதி பெரும்பாலும் இப்படி அளந்து வைத்த அமைதிதான். அதற்கான விதிகளில் சிலவற்றை விருந்தாளியும் சுமக்க வேண்டியிருக்கிறது.

புன்சோலிங்கிலிருந்து தலைநகர் திம்புவுக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர்; மலைப் பாதையில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். சமவெளியின் விளிம்பிலிருந்து கிளம்பி 2,300 மீட்டர் உயரத்துக்குப் போகும் சாலை இது. 1960களின் தொடக்கத்தில் இந்திய எல்லைச் சாலைகள் அமைப்பின் தந்தக் பிரிவு இதை அமைக்கும் வரை கோவேறு கழுதைகளோடு நாட்கணக்கில் நடந்துதான் மக்கள் போயிருக்கிறார்கள். 1958இல் பூட்டானுக்கு வந்த நேருவும் குதிரையிலும் யாக் எருதின் மேலும்தான் வந்து சேர்ந்தார். கெடு என்ற ஊரைத் தாண்டும்போது மூடுபனி சாலையை விழுங்கிவிடும். எதிரே வரும் லாரியின் விளக்கு பத்தடி தூரத்தில்தான் தெரியும். அங்கும் யாரும் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே ஓட்டவில்லை என்பதை என் மனைவிதான் முதலில் கவனித்துச் சொன்னாள். வளைவுகளில் வயிறு புரட்டும் என்பவர்கள் காலை உணவை இட்லி அளவில் நிறுத்திக்கொள்வதும், குமட்டலுக்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்வதும் உதவும். நான் பூரியைச் சாப்பிட்டுவிட்டு வருந்தினேன்.

திம்புவில் போக்குவரத்து விளக்குகள் கிடையாது. நடு நாற்சந்தியில் வண்ணக் கூண்டுக்குள் வெள்ளைக் கையுறை அணிந்த காவலர் ஒருவர் நின்று கையசைவிலேயே வண்டிகளை நடத்துகிறார். ஒரு காலத்தில் விளக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மக்களுக்குப் பிடிக்காததால் எடுத்துவிட்டார்களாம். பயணிகள் எல்லோரும் படமெடுக்கும் இடம் அது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றியது அனுமதி அலுவலகம்தான். எங்கள் சீட்டு திம்புவுக்கும் பாரோவுக்கும் மட்டுமே. புனாக்காவுக்குப் போகத் தனியாக வழி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. சனி, ஞாயிறுகளில் அலுவலகம் இயங்காது. நாங்கள் வியாழக்கிழமை எல்லையைக் கடந்து வெள்ளிக்கிழமை விண்ணப்பித்ததால் தப்பித்தோம். ஒரு நாள் பிந்தியிருந்தால் திங்கள் வரை திம்புவிலேயே சுற்றிக்கொண்டிருந்திருப்போம். ஷேச்சு என்னும் முகமூடி நடனத் திருவிழாவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இப்படிக் கணக்குப் பிசகியே தவறியது. திம்புவின் ஷேச்சு சந்திர நாள்காட்டிப்படி ஆண்டுதோறும் இடம் மாறும்; அந்த ஆண்டு செப்டம்பரிலேயே முடிந்திருந்தது. பயணச்சீட்டு எடுத்துவிட்டுத் திருவிழாவைத் தேடக் கூடாது, திருவிழாவைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டை எடுக்க வேண்டும்.

அந்த ஏமாற்றத்தைச் சனிக்கிழமை காலை சாங்லிமித்தாங் மைதானம் தீர்த்து வைத்தது. வில்வித்தை பூட்டானின் தேசிய விளையாட்டு. எய்பவருக்கும் இலக்குக்கும் இடையே சுமார் 145 மீட்டர் தூரம். அந்தக் கோடியிலிருக்கும் இலக்கு ஒரு சிறு மரப்பலகை. என் கண்ணுக்கு அது ஒரு வண்ணப் பொட்டு அளவில்தான் தெரிந்தது. இலக்குக்குப் பக்கத்திலேயே, அம்பு வந்து விழும் இடத்துக்குச் சில அடி தள்ளி, இரு அணியினரும் சாதாரணமாக நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து எங்கள் மூவருக்கும் மூச்சு நின்றது. அம்பு பறப்பது தெரியவில்லை, பலகையில் பட்ட சத்தம்தான் கேட்டது. பட்டவுடன் அந்த அணியினர் கைகோத்து, ஒரு காலைத் தூக்கி மெதுவாக ஆடி, ஒரு பாட்டைப் பாடி முடிக்கிறார்கள். அதுவரை அடுத்த அம்பு கிடையாது. எய்தவர் தன் இடுப்புக் கச்சையில் ஒரு வண்ணத் துணியைச் செருகிக்கொள்கிறார். எதிரணியினரோ இலக்கின் அருகே நின்று எய்பவரைக் கேலி செய்து கத்துகிறார்கள். அந்தக் கேலியும் விளையாட்டின் ஒரு பகுதி, அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை என்று வழிகாட்டி சொன்னார். நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். திட்டத்தில் இருந்த அருங்காட்சியகத்தை விட்டுவிட்டோம், வருத்தமில்லை.

அங்குதான் அக்கா டோமாவைச் சந்தித்தார். பச்சைப் பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதான் டோமா. பூட்டானில் நண்பர்கள் சந்தித்தால் முதலில் நீட்டுவது அதைத்தான். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையில் நாற்பது வருடம் ஊறியவர் அக்கா; பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி மேலங்கியின் மடிப்பிலிருந்து எடுத்து நீட்டியதும் தயங்காமல் வாயில் போட்டுக்கொண்டார். அவர்கள் பாக்கை நம்மைப் போல உலர்த்தி, சீவி, வாசனை ஏற்றிப் பயன்படுத்துவதில்லை. புளித்த மணத்தோடு ஈரமாகவே மெல்லுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் அக்காவின் நெற்றியெல்லாம் வியர்த்தது, காது சிவந்தது, மைதானம் சுற்றுகிறது என்றார். மூதாட்டி முதுகைத் தடவிவிட்டுச் சிரித்தார். குளிர்நாட்டில் உடம்பைச் சூடேற்றத்தான் இது என்று பிறகு புரிந்தது. வெற்றிலை பழக்கம் உள்ளவர்களும் முதல் முறை கால் பங்கு போட்டுப் பார்ப்பதே பத்திரம். இத்தனை ஒழுங்கான நாட்டில் கட்டிடங்களின் மூலைகளில் சிவப்பு எச்சில் கறை இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஒன்றில் நம் ஊர்ப் பேருந்து நிலையமும் அவர்களும் உறவினர்கள்.

புனாக்காவுக்குப் போகும் வழியில் 3,100 மீட்டர் உயரத்தில் டோச்சு லா கணவாய். 2003இல் தெற்குக் காடுகளில் தளம் அமைத்திருந்த இந்தியக் கிளர்ச்சிக் குழுக்களை வெளியேற்ற நடந்த போரின் நினைவாக, அரசித் தாயார் ஒருவர் எழுப்பிய 108 சோர்ட்டன்கள் ஒரு மேட்டைச் சுற்றி அடுக்கி நிற்கின்றன. சோர்ட்டன் என்பது நாம் ஸ்தூபி என்று சொல்வது; அதை எப்போதும் வலப்பக்கம் இருக்குமாறு சுற்றிப் போக வேண்டும். கோயிலைப் பிரதட்சிணம் செய்து பழகிய நமக்கு இது தானாக வந்துவிடும். பனிமலைத் தொடர் தெரிய வேண்டுமானால் காலையிலேயே போக வேண்டும்; நண்பகலுக்கு மேல் போன எங்களுக்கு மேகம்தான் கிடைத்தது.

புனாக்கா ஜோங், போ சூ, மோ சூ என்ற இரண்டு ஆறுகள் கலக்கும் முனையில் நிற்கிறது. ஜோங் என்றால் கோட்டை. ஆனால் ஒரு பாதியில் அரசு அலுவலகமும் மறுபாதியில் மடாலயமும் இயங்கும் கோட்டை. திபெத்திலிருந்து 1616இல் வந்து பூட்டானை ஒரே நாடாக்கிய ஷாப்த்ருங் நவாங் நம்கியால் 1637இல் கட்டத் தொடங்கியது இது. அவரது உடல் இங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. 1651இல் அவர் மறைந்த செய்தியை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வெளியே விடாமல், தியானத்தில் இருக்கிறார் என்றே சொல்லி ஆட்சி நடத்தியிருக்கிறார்கள். முதல் மன்னர் உக்யென் வாங்சுக் 1907 டிசம்பர் 17 அன்று முடிசூடியதும் இங்கேதான். 1994இல் மலைமேல் ஒரு பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம் ஜோங்கின் ஒரு பகுதியைச் சிதைத்தது, திரும்பக் கட்டினார்கள். புனாக்கா தாழ்வான, வெதுவெதுப்பான பள்ளத்தாக்கு என்பதால் தலைமை மடாதிபதியும் துறவிகளும் குளிர்காலம் முழுதும் இங்கே வந்து தங்குவார்கள். நாங்கள் போனபோது அவர்கள் இன்னும் திம்புவில்தான் இருந்தார்கள். முற்றத்தில் புறாக்களும், விளக்குமாறோடு இரண்டு இளம் துறவிகளும் மட்டுமே.

உள்ளே நுழைவதற்கு முன் வழிகாட்டி வண்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். மூன்று மீட்டர் இருக்கும். இடது தோளில் போட்டு, முதுகுப்பக்கம் சுற்றி, வலது இடுப்பில் கொண்டுவந்து, மடிப்பை ஒருமுறை தளர்த்தி மீண்டும் போட்டுச் சரிசெய்தார். கப்னே என்ற இந்த அங்கவஸ்திரம் இல்லாமல் பூட்டானிய ஆண்கள் எவரும் ஜோங்குக்குள் போகக் கூடாது. பொதுமக்களுக்கு வெள்ளை, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு நீலம், நீதிபதிகளுக்குப் பச்சை, அமைச்சர்களுக்கு ஆரஞ்சு. மஞ்சள் மன்னருக்கும் தலைமை மடாதிபதிக்கும் மட்டும். முழங்கால் வரை தூக்கிக் கட்டிய கோ என்னும் ஆண்கள் உடையும், கணுக்கால் வரை நீளும் பெண்களின் கிராவும் அங்கே விழாக்கால வேடமல்ல. வங்கியிலும் பள்ளியிலும் அன்றாடம் அணியும் உடை. பயணிக்கும் இதில் பங்குண்டு. முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை, தலையில் எதுவும் கூடாது, கோயில் அறைக்குள் காலணியும் புகைப்படமும் கூடாது. குடையையும் தொப்பியையும் வாயிலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். புடவையிலிருந்த என் மனைவியையும் அக்காவையும் காவலர் வணங்கி உள்ளே விட்டார். தொப்பியோடு நின்ற என்னைத்தான் நிறுத்தினார். கழற்றி மாட்டச் சுலபமான செருப்பும் கனத்த காலுறையும் கொண்டுபோவது நல்லது, மரத்தரை பனிக்கட்டியாகக் குளிரும்.

ஆனால் இதே உடைக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. 1989இல் இது எல்லோருக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது, தெற்கில் வாழ்ந்த நேபாளி மொழி பேசும் லோட்சம்பா மக்களையும் அந்த விதி கட்டியது. குடியுரிமைச் சட்டமும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவர்களை நெருக்கின. போராட்டமும் அடக்குமுறையும் தொடர்ந்து, 1990களின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நேபாளத்தின் அகதி முகாம்களுக்குப் போனார்கள்; பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியேறினார்கள். ஜோங்கின் அழகை அது குறைத்துவிடவில்லை. ஆனால் மகிழ்ச்சியான நாடு என்று விளம்பரத்தில் படித்ததை அப்படியே திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை நான் வழிகாட்டியிடம் கேட்கவில்லை. ஒரு வார விருந்தாளி கேட்டால் அவரைச் சங்கடத்தில் தள்ளுவதாகும் என்று நினைத்தேன். அது சரியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பாரோவில் மூன்று இரவும் ஒரு விவசாயி வீட்டில் தங்கினோம். நட்சத்திர விடுதியில் பணம் கொடுத்துக் கிடைக்காதது அங்கே கிடைத்தது. அக்டோபர் அறுவடைக் காலம். செந்நெல்லை அறுத்து வயலிலேயே அரியாகக் கிடத்தியிருந்தார்கள், கூரைகளில் மிளகாய் பாயாக விரிந்து காய்ந்தது. காவிரிக் கரையில் பிறந்த அக்கா, மொழி தெரியாமலேயே அந்த வீட்டு அம்மாவோடு களத்தில் நின்று கதிரை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். உணவைப் பற்றி ஒரு எச்சரிக்கை: எமா தட்சி என்பது மிளகாயும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த குழம்பு, அதில் மிளகாய்தான் காய். காரம் நமக்குப் பழக்கம்தானே என்று நான் ஒரு கரண்டி நிறையப் போட்டுக்கொண்டு, கண்ணீரோடு சிவப்பரிசிச் சோற்றில் தஞ்சம் புகுந்தேன். சைவர்களுக்கு உருளைக்கிழங்கு போட்ட கேவா தட்சியும், காளான் போட்ட ஷாமு தட்சியும் கைகொடுக்கும். உணவை நீட்டினால் உடனே வாங்கக் கூடாது என்பது அங்கே மரியாதை. வாயைக் கையால் மறைத்து "மேஷு மேஷு" என்று இரண்டு முறை மறுத்து, பிறகு ஏற்க வேண்டும். போதும் போதும் என்று இலையை மறைக்கும் நம் பந்தி வழக்கத்துக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி. பேச்சிலும் அப்படித்தான்: வணக்கத்துக்கு "குசுசாங்போ லா", நன்றிக்கு "கதின்சே லா"; வால் போல ஒட்டும் அந்த "லா", நாம் சேர்க்கும் "ங்க"தான். அதை விடாமல் சொன்னால் கடைக்காரரின் முகமே மாறுகிறது.

அந்த வீட்டின் மேல் மாடியில் பூசை அறை. விடியற்காலையில் வீட்டுப் பெரியவர் ஏழு கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒரு நெல்மணி இடைவெளி விட்டு, விளிம்பைத் தொடாமலும் சிந்தாமலும் நீர் ஊற்றினார். ஏன் நீர் என்று கேட்டதற்கு, நீருக்கு விலையில்லை, அதனால் கொடுக்கும்போது மனம் கஞ்சத்தனப்படாது என்றார். மாலையில் அந்த நீரைக் கொட்டி, கிண்ணங்களைத் துடைத்துக் கவிழ்த்து வைப்பார். மூன்று நாளும் அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார்.

தக்சாங் மடாலயத்தைக் கடைசிக்கு முந்தைய நாளுக்கு வைத்திருந்தோம். உயரத்துக்கு உடம்பு பழகட்டும் என்று வழிகாட்டி சொன்ன யோசனை அது, நல்ல யோசனை. பாரோ பள்ளத்தாக்குக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே, 3,120 மீட்டர் உயரத்தில் பாறை முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கோயில். எட்டாம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண்புலியின் மேல் பறந்து வந்து குகையில் தவமிருந்தார் என்பது நம்பிக்கை. கோயில் எழுந்தது 1692இல். 1998இல் தீயில் எரிந்ததைப் பழைய முறையிலேயே திரும்பக் கட்டி 2005இல் திறந்தார்கள். காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினோம். பாதி வழி சிற்றுண்டிச்சாலை வரை குதிரை உண்டு. இறங்க அதில் ஏற்றமாட்டார்கள். அக்கா குதிரையில் வந்து, அங்கேயே ஒரு பெரிய பிரார்த்தனைச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முழங்கால் இருக்கும் நிலைக்கு அதுவே சரி. அங்கிருந்தே கோயில் எதிரே முழுதாகத் தெரிகிறது என்பதால் வயதானவர்கள் அதற்கு மேல் வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கு மேல்தான் கடினம்: கோயிலுக்கு நேர் எதிரே வந்த பிறகு நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, அருவியைக் கடந்து, மீண்டும் ஏற வேண்டும். ஊன்றுகோலை அடிவாரத்தில் வாடகைக்குத் தருகிறார்கள். இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். வாயிலில் கைப்பேசி, பை எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். வெறுங்கையோடு உள்ளே போன நாற்பது நிமிடத்தில் என்னிடம் ஒரு படமும் இல்லை. நெய்விளக்கின் வாசனையும், குளிர்ந்த கல்தரையும், எங்கோ கீழே விழும் நீரின் ஓசையும் மற்றப் பயணங்களில் படமெடுத்த இடங்களைவிடத் தெளிவாக நினைவிருக்கின்றன.

மறுநாள் மதியம் புன்சோலிங் வழியாக வெளியேறினோம். கையில் 340 ங்குல்ட்ரம் மீந்திருந்தது. பூட்டானில் ரூபாயைப் பல இடங்களில் வாங்கிக்கொள்கிறார்கள், சில கடைகள் 500 ரூபாய்த் தாளுக்குத் தயங்கின என்பதால் நூறு ரூபாய்த் தாள்கள் நிறைய வைத்திருந்தோம். ஆனால் ங்குல்ட்ரம் எல்லையோர ஊர்களைத் தாண்டினால் இந்தியாவில் செல்லாது. ஜெய்கான் தேநீர்க் கடையில் மூன்று தேநீரும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் வாங்கினோம், பழக்கடையில் மிச்சத்தைத் தீர்த்தோம். ஒரு பத்து ங்குல்ட்ரம் தாள் மட்டும் அக்காவின் சுருக்குப்பையில் மறைந்திருந்து ஊர் வந்த பிறகு வெளிப்பட்டது. அதைத் தன் பூசை மாடத்தில், தண்ணீர் ஊற்றி வைக்கும் எவர்சில்வர் கிண்ணத்துக்கு அடியில் வைத்திருக்கிறார்.